இரண்டாம் பாகத்தின் உறுமல்

பிப்ரவரி 16, மாலை 5.20. அரங்கில் 212 பேர் பார்த்துக்கொண்டிருந்த படத்தைப் புரொஜெக்டர் அறையிலிருந்து நான் நிறுத்தினேன்.

அன்பு மனைவிக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? அத்தையைக் கேட்டதாகச் சொல். நான் நலம், பயப்பட ஒன்றுமில்லை.

நாம் சேர்ந்து பார்த்த விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. முதல் பாகத்தின் இசையை நீ வாரக்கணக்கில் முணுமுணுத்தாயே, இதில் மெட்டே இல்லை. கப்பல் பறந்தாலும் உறுமல், காதலி செத்தாலும் அதே உறுமல். கோடிக்கணக்கில் கொட்டி இப்படியா இசை போடுவான், ஸ்பீக்கர்தான் கிழிந்துவிட்டது என்று நினைத்துப் படத்தை நிறுத்தினேன். ஏணி போட்டு அரங்கின் பதினெட்டு ஸ்பீக்கரையும் சோதித்தேன். ஒன்றிலும் பழுதில்லை.

மேலாளர் கத்தினார்: "ஸ்பீக்கர் நல்லாத்தான்யா இருக்கு. உன் காதைத்தான் கழட்டி மாட்டணும். பொண்டாட்டி பிரசவத்துக்கு லீவு கேட்டியே, அது கிடையாது, போ!"

அந்த இசைக்கு விருதுகூடக் கொடுப்பார்கள். எனக்கு லீவு போச்சு.

அடுத்த காட்சிக்கு மணி அடித்துவிட்டது. இனி நான் செய்யப்போவது:

1. நாளை மன்னிப்புக் கடிதம் கொடுப்பேன். மனசார அல்ல.
2. லீவுக்கு மறுபடி எழுதுவேன்.
3. அதுவும் கிடைக்காவிட்டால், குழந்தையின் முதல் அழுகையை அத்தை போனில் பதிவு செய்து அனுப்பட்டும். பதிவு செய்யும்போது ஃபேனை நிறுத்தச் சொல். காலைக் காட்சிக்கு முன், காலி அரங்கின் நடுவில் உட்கார்ந்து, முழுச் சத்தத்தில் கேட்பேன்.