எங்கள் வீட்டு மூலைக் கல் பற்றி

அனுப்புநர்
திருமதி ஹில்டா கிரிம்வுட்,
3, குளத்து மூலை,
ஆக்சல்பி கிராமம், இங்கிலாந்து.

பெறுநர்
பாரம்பரியச் சின்னங்கள் அலுவலர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டு மூலையில் நிற்பது பலிக்கல் அல்ல, என் கணவர் நட்ட கல் – பலகையைத் திருத்தி வேலியை எடுக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. மே மாதம் தங்கள் ஆட்கள் இந்தக் கல்லைச் சுற்றி இரும்பு வேலி போட்டு, ‘ஆயிரம் ஆண்டுப் பலிக்கல், தொடாதீர்’ என்று பலகை வைத்தார்கள். இதை 1962-இல் நட்டவர் என் கணவர் வால்ட்டர். ரொட்டி வண்டிக்காரர் திருப்பத்தில் எங்கள் முட்டைக்கோஸ் பாத்தி மேலேயே ஏறிப் போவார். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, இடிந்த பன்றிக்கொட்டிலின் வாசற்படியைப் பெயர்த்து வந்து இவர் நிறுத்தினார்.

2. பலகையில் கண்ட ‘காணிக்கைக் குழி’ என் மாமனாரின் பன்றிகள் மிதித்துத் தேய்ந்தது. ‘ஐந்து தெய்வங்களின் கோடுகள்’ கல்லில் மோதியவர்களுக்காக வால்ட்டர் உளியால் போட்டவை. நான்கு, ரொட்டி வண்டி. ஐந்தாவது, பாதிரியாரின் சைக்கிள். பாதிரியார் காலமாகிவிட்டதால் இப்போது சொல்லலாம்.

3. ஜூனில் பலகையை நம்பி, பழைய தெய்வங்களை வணங்கும் வெள்ளை அங்கிக்காரர்கள் ஒன்பது பேர் வந்து கல்லைச் சுற்றிப் பாடினார்கள். கழிவறைக்கு என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். தேநீர் கொடுத்தேன். நல்ல பிள்ளைகள், அவர்கள் மேல் புகார் இல்லை.

4. வேலி போட்ட அன்றே தங்கள் அலுவலரிடம் சொன்னேன். "ஏம்மா, ஆயிரம் வருஷத்துக் கல்லை உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா நட்டிருப்பாரு?" என்று சிரித்தார். "மூணு நாள் முதுகு வலியோட நட்டாரு தம்பி" என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

5. வால்ட்டர் பிப்ரவரியில் இறந்துவிட்டார். காலையில் பால்காரர் வைத்துப்போன பாட்டிலை எடுக்க வரும்போது கல்லின் மேல் ஒரு கை வைத்துவிட்டுப் போவேன். இப்போது வேலியால் எட்டவில்லை. என் குறை இதுதான்.

6. சாட்சி வேண்டுமென்றால் கல்லின் அடியில் தோண்டிப் பார்க்கவும். சிமெண்டு ஊற்றும்போது இவருடைய இடது பூட்ஸ் உள்ளே மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு வந்தார். வலது பூட்ஸைத் தூக்கிப் போடச் சொன்னதற்கு, "இருக்கட்டும்டி, அதோட ஜோடி எங்கயும் ஓடிப்போகல, மூலையிலதான் நிக்குது" என்றார். இருபத்தைந்து வருஷமாக அது கதவோரமே இருந்தது.

ஆகவே, பலகையில் அவர் பெயரை எழுதி, வேலியை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சட்டப்படி வேலி இருந்தே ஆக வேண்டுமென்றால், என் கை நுழையும் அளவுக்கு ஒரு கம்பியையாவது கழற்றித் தரவும்.

இடம்: ஆக்சல்பி
நாள்: 3.8.1987

இப்படிக்கு,
ஹில்டா கிரிம்வுட்
(வால்ட்டரின் மனைவி)

இணைப்பு: வலது பூட்ஸ் ஒன்று. அளவு பார்த்ததும் தயவுசெய்து தபாலில் திருப்பி அனுப்பவும். கதவோரம் வெறிச்சென்று இருக்கிறது.