ஊசிக்கு ஒரு நாள் லீவு

ஜூன் 4

வாலுவின் அப்பாவுக்கு,

நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் நமக்கு ஏற்பாடு செய்த ஆலோசகர் அம்மாவின் கட்டளை. விசாரித்துவிட்டேன். போனில் நாம் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டைக்குப் போய்விடுகிறோமாம். அதனால் இனி கடிதம்.

வாலு நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆறு மாதத்தில் இரண்டாவது தடவையாக ஆஸ்பத்திரி. இன்னொரு முறை இப்படிச் சர்க்கரை கூடி ரத்தத்தில் அமிலம் ஏறினால் உயிர் தங்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். சர்க்கரை மீட்டரில் நான் தினமும் பார்த்துச் சந்தோஷப்பட்ட நூற்றிருபதும் நூற்று முப்பதும் அவள் ரத்தமே இல்லை. பக்கத்து பெஞ்சுத் தோழியின் விரல்! பதிலுக்கு அந்தப் பெண்ணுக்குக் கணக்குப் பாடம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பதினைந்து வயதில் இவ்வளவு மூளை. பள்ளிக்கும் பாதி நாள் போகவில்லை.

ஆலோசகர் இனி வாரம் மூன்று நாள் வீட்டுக்கே வருவார். இன்று வந்ததுமே ஃப்ரிட்ஜைத் திறந்தார். பிரிக்காத இன்சுலின் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “வைத்தியம் பொண்ணுக்கு மட்டும் இல்லைங்க, வீட்டுக்கே” என்றார். அடுத்தது எனக்கு: “நீங்க போலீஸ். அவர் ஐஸ்கிரீம் வண்டி. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்குது புள்ள.” எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் சொன்னது சரிதான்.

இனி ஒவ்வோர் ஊசியும் பெரியவர் ஒருவர் கண் முன்னால்தான். சனி, ஞாயிறு உங்கள் வீட்டில், உங்கள் முன்னால். ஊசியைக் கண்டால் மொட்டை மாடிக்கு ஓடுவீர்களே, இந்தத் தடவை ஓடாதீர்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஜூன் 12

வாலுவின் அம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

பதினெட்டாவது மாடியில் லிஃப்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிறவனுக்கு ஊசியைக் கண்டு என்ன பயம் என்று நீ சிரித்திருப்பாய். அவளுக்கு ஒன்பது வயதில் இது வந்தபோது, “உங்க குடும்பத்துல யாருக்காவது இருக்கா?” என்று டாக்டர் கேட்டார். என் தங்கை இதில்தான் போனாள். நான்தான் கொடுத்துவிட்டேன் என்று அன்றே மனதில் விழுந்துவிட்டது. அந்த ஊசியைப் பார்க்க முடியாமல்தான் ஓடினேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஆலோசகர் என் வீட்டுக்கு வந்து, வெறும் உப்புத் தண்ணீரை என் வயிற்றில் நானே போட்டுக்கொள்ள வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கத்தியே விட்டேன். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, இது எனக்குத் தினமும் நாலு வாட்டி!”

அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று!

வாலுவின் அப்பா


ஜூன் 20

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்கு நடுவில் படித்தேன். கண் பரிசோதனைக்கு வந்தவரை உட்கார வைத்துவிட்டு, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதை யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. ஆறு வருடமாக, உங்களுக்கு அக்கறை இல்லை என்றே நினைத்திருந்தேன். நானும் தப்புக் கணக்குப் போட்டவள்தான்.

இங்கே நிலவரம் சுமார். ஊசி போட்டுக்கொள்கிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. “அம்மா மூச்சு விட்டாலே எனக்கு எரிச்சலா வருது” என்றாள். மூச்சைக் கொஞ்சம் மெதுவாக விடுகிறேன்.

வாலுவின் அம்மா


ஜூலை 13

வாலுவின் அம்மாவுக்கு,

நேற்று ஒரே போனில் கிளம்பி வந்தாயே, நன்றி. நீ வருவதற்கு முன்னால் நடந்ததை எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஊசி வேண்டாம் என்றாள். மீட்டரில் நானூற்றுப் பத்து. பழைய நானாக இருந்தால், “சரிடா, அப்புறம் போட்டுக்கலாம்” என்று சினிமாவுக்குக் கூட்டிப் போயிருப்பேன். நேற்று, “போட்டாத்தான் மத்ததெல்லாம்” என்றேன். “நீ எங்கப்பாவே இல்ல! அம்மா மாதிரி ஆயிட்ட!” என்று கத்திவிட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வாசலிலேயே உட்கார்ந்தேன். அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன்.

நீ வந்து, திட்டாமல், என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். “அப்பா சொன்னதுதான் நானும் சொல்றேன்டி” என்றாய். நீ அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவளும் கேட்டதில்லை போல. உள்ளே சத்தம் அடங்கிவிட்டது.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து வந்ததே ஒரு குரல்: “சலிச்சுப் போச்சும்மா. ஆறு வருஷமா ஒரு நாள்கூட லீவு இல்ல.”

நமக்கு ஏன் இது தோன்றவில்லை?

அதைக் கேட்டு அவளுக்கு நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவேன். இனி ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. மீட்டர், கணக்கு, ஊசி எல்லாம் என் பொறுப்பு. அவள் கையை நீட்டினால் போதும். அவள் கதவைத் திறந்ததும் முதல் ஊசியை நான்தானே போட்டேன்? கண்ணைத் திறந்துகொண்டுதான் போட்டேன். நீ சாட்சி.

அன்புடன்,
வாலுவின் அப்பா


நவம்பர் 23

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

வெளியூர் வேலையில் அந்தப் பெரிய லிஃப்ட் ஏறி இறங்குகிறதா? சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறதா?

முதலில் சேதி. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏழு புள்ளி ஐந்து! ஜூனில் பதின்மூன்று. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது யார் விரல்னு கேக்கறீங்களா டாக்டர்?” என்றாள் நம் மகள். எனக்கு மானம் போயிற்று. சந்தோஷமாகத்தான் போயிற்று.

மூன்று நாள் பள்ளி முகாமுக்கு அனுப்பலாம் என்று நீங்களும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோமே, நேற்று மாலை திரும்பி வந்தாள். கடைசி ஆளாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. “சுகர் எவ்வளவு இருக்கு?” என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, “பசிக்குதா?” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “செமப் பசிம்மா” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தெருவில், தோழிகள் எல்லோரும் பார்க்க!

எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். தட்டு வந்ததும் விரலைக் குத்திப் பார்த்தாள், மனக்கணக்குப் போட்டாள், சட்டையைக் கொஞ்சம் தூக்கி ஊசியைப் போட்டுக்கொண்டாள். ஒளியவில்லை, பாத்ரூமைத் தேடவில்லை. பக்கத்து மேசைக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிடுங்க சார், ஆறிடப் போகுது” என்றாள்.

எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டாள். இரண்டு தட்டு காலி.

அன்புடன்,
வாலுவின் அம்மா