குட்டியின் நாற்காலியும் மேசை ஃபேனும்

மார்ச் 3, செவ்வாய்
இப்படி ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்? எங்கள் வீட்டு மேசை ஃபேன் குட்டியைக் காதலிக்கிறது. குட்டி என்னோடு இருக்கும் அக்கா மகள், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். முதல் சம்பளத்தில் அவள் அதை வாங்கி வந்தபோதே அதன் பார்வை சரியில்லை என்றேன். இப்போது தலையாட்டிக்கொண்டே வந்து, அவள் சாப்பிடும் நாற்காலிக்கு நேராக நின்றுவிடுகிறது. மண்டையில் தட்டினால்தான் நகர்கிறது. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் விஞ்ஞானம் முழுவதையும் அதற்குள் முடித்துவிட்டேன். இது விஞ்ஞானக் கோளாறு இல்லை.

மார்ச் 5
"பல்சக்கரம் தேஞ்சிருக்கும் மாமா" என்கிறாள். பாவம், அப்பாவி.

மார்ச் 9
குட்டியை ஒருவர் பெண் கேட்டிருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவளுக்கும் சம்மதமாம். தட்டைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கடை வேறு ஊரில். ரயிலில் ஒரு பகல் போக வேண்டும். எனக்கென்ன, சிங்கம் மாதிரி தனியாக இருப்பேன். ஃபேனை நினைத்தால்தான் கவலை. அது தாங்குமா? ஏதோ முனகுகிறது. முன்பும் முனகியதா?

மார்ச் 14
பிளக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சுடுகிறது. அவள் போனதும் ஏக்கத்தில் எரிந்துபோனால்? வீடு பற்றிக்கொண்டால்? — குட்டியிடம் சொன்னேன்.
"அதுக்கு ஒண்ணும் ஆகாது மாமா. நீங்க மாத்திரை போட்டீங்களா?"
நான் ஃபேனைச் சொன்னால் இவள் மாத்திரையைக் கேட்கிறாள்.

மார்ச் 22, ஞாயிறு
கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்தார். மறைப்பது தர்மமில்லை என்று ஃபேன் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். இவள் எங்கே உட்கார்ந்தாலும் தேடிப் பிடித்துவிடும் என்றேன்.
"அப்படியா? இடம் மாத்தி உக்காரச் சொல்லிப் பாப்பமே" என்றார் மனுஷன்.
குட்டி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். ஃபேன் காலி நாற்காலி முன்னால் ஒரு நொடி திகைத்தது. பிறகு கழுத்தை நறநறவென்று திருப்பி, ஜன்னல்வரை போய் அவள் முகத்துக்கு நேரே நின்றது! மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"அப்ப ஃபேனும் வரட்டும் மாமா. கூடவே நீங்களும் வாங்க."
நானா? நான் வந்தால் இந்தத் தெருவை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லிவிட்டேன்.
ஏன்டா அப்படிச் சொன்னே?

ஏப்ரல் 20
நாளை மறுநாள் கல்யாணம். ஃபேனைத் துணியில் சுற்றிக் கட்டினேன். குட்டி அவிழ்த்து மறுபடி மேசையில் வைத்துவிட்டாள். "இங்கயே இருக்கட்டும். உங்களுக்கு வேர்க்கும்."

ஏப்ரல் 26, ஞாயிறு
போய்விட்டாள்.

ஏப்ரல் 29
ஃபேன் எரியவில்லை. காலி நாற்காலிக்கு நேராக வந்து நின்று, அது பாட்டுக்கு வீசிக்கொண்டிருக்கிறது. தட்டப் போனவன் தட்டாமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். அவள் இடத்தில் இவ்வளவு காற்று வரும் என்று எனக்குத் தெரியாது.

மே 4
ஸ்டேஷனில் விசாரித்தேன். ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு போகலாமாம். அதற்காகத்தான் போகிறேன், வேறொன்றுமில்லை.

ஒன்று மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். மாப்பிள்ளை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபேன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. காலி நாற்காலி முன்னாலேயே நின்றது. மூன்று பேரும் பார்த்தோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததும் அவர் இல்லை, என் கண்ணாடியை நான்தான்.
அதைப் பார்த்த பிறகும் அவர் "நீங்களும் வாங்க" என்றார்.