உள்ளே ஒன்றுமில்லாத முட்டை

பிரிட்ஜ்வாட்டர்,
9-4-1996

அன்புள்ள உங்களுக்கு அபயத்தின் நமஸ்காரம்.

முழங்கால் வலி தேவலை. மனசுதான் குழம்பிக் கிடக்கிறது. முப்பது வருஷம் வகுப்பில் நின்றவளுக்கு மருமகள் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

இங்கே ஈஸ்டருக்கு முட்டைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். யோஷிமியும் குழந்தை விஷாகாவும் தீட்டிய ஆறு முட்டைகள் சமையல் மேடையில் இருந்தன. நான் சமைக்கும் இடமாயிற்றே. கை படாமல் அட்டைப்பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டேன். "பாட்டி, வேர் ஆர் மை எக்ஸ்?" என்று குழந்தை அழுதாள். யோஷிமி என்னைப் பார்க்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சமாதானமாகட்டும் என்று, போன வாரம் அவள் எனக்குக் கொடுத்த கிமோனோவை, அவர்கள் ஊர்ப் பட்டு அங்கியை, புடவைக்கு மேலேயே சுற்றிக் கட்டிக்கொண்டு மறுநாள் அவள் முன்னால் போய் நின்றேன். முகம் வெளுத்துவிட்டது. ஓடி வந்து, நடுங்கும் கையால் அதை அவிழ்த்து வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கேட்டால் "ஸாரி, அம்மா" மட்டும்தான். பிள்ளையைக் கேட்கலாம் என்றால், நஞ்சுண்டன் ஆபீஸ் வேலையாகச் சிகாகோ போயிருக்கிறான்.

கொடுத்ததைப் பிடுங்கினால் என்ன அர்த்தம்? என் டிக்கெட்டை முன்னால் மாற்றிவிடுங்கள்.

அபயம்


மயிலாடுதுறை,
21-4-1996

சௌ. அபயாம்பாளுக்கு,

மே முப்பதுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் உறுதி செய்யவில்லை. சமைக்க வரும் நாகமணி போடும் காபியைக் குடிக்கிற எனக்கு நீ வந்தால் லாபம்தான். ஒன்று மட்டும் புரியவில்லை. கோபம் என்றால் கை ஏன் நடுங்க வேண்டும்?

பாலசுப்ரமணியன்


பிரிட்ஜ்வாட்டர்,
4-5-1996

அன்புள்ள உங்களுக்கு,

நஞ்சுண்டன் திரும்பி வந்துவிட்டான். உங்கள் கேள்வியை அவனிடம் கேட்டேன். "அவ கோச்சுக்கலைம்மா, பயந்துட்டா. போன வருஷம் அவ அம்மாவை அப்படித்தானே பார்த்தா" என்றான்.

கிமோனோவில் இடது பக்கம் மேலே வர வேண்டுமாம். நான் கட்டியிருந்ததுபோல் வலது மேலே வந்தால் இறந்தவர்களுக்குக் கட்டுவது. திவசத்தன்று பூணூலை வலது தோளுக்கு மாற்றிக்கொள்கிறீர்களே, அப்படியே தீபாவளியன்று என் எதிரே வந்து நின்றால் நான் என்ன ஆவேன்?

இன்னொன்று. நான் புழங்கும் வீடு என்பதற்காக அவள் முட்டைகளில் ஊசியால் துளை போட்டு, ஊதிக் காலி செய்து, கழுவிய வெறும் ஓட்டில்தான் வண்ணம் தீட்டியிருக்கிறாள். ஒன்றைக் கையில் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

நேற்று அவளிடம், "நீயே கட்டி விடு" என்றேன். இடதை மேலே கொண்டுவந்து கட்டினாள். கை நடுங்கவில்லை.

டிக்கெட்டை மாற்ற வேண்டாம். ஆகஸ்டிலேயே வருகிறேன். பெட்டியில் புடவைகளுக்கு நடுவே, விஷாகா உங்களுக்கென்று வண்ணம் தீட்டிய முட்டை ஒன்று இருக்கும். கத்தாதீர்கள், உள்ளே ஒன்றுமில்லை. அதை ஊதிக் காலி செய்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் அபயம்