படிக்கட்டில் ஒருத்தி

டூரின்
நவம்பர் 27, 1971

மதிப்பிற்குரிய எர்மீனியா அவர்களுக்கு,

அட்டிலியோவின் மனைவி நிவெஸ் எழுதுகிறேன். நாம் இதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. எங்கள் திருமண அழைப்பிதழ் உங்களிடமிருந்து பிரிக்காமலே திரும்பி வந்தது. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

டுல்லியாவுக்கு இந்த முறை மார்ச்சளி விட்டபாடில்லை. இங்கே மூடுபனியில் எதிர்வீடுகூடத் தெரிவதில்லை. கடற்காற்று பட்டால்தான் சரியாகும் என்கிறார் மருத்துவர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு சான் ப்ரோஸ்பெரோ வீட்டுக்குப் போகலாமா என்று அட்டிலியோவே கேட்டார். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். உங்கள் தங்கை ஒர்னெல்லா கடலோடு போய் எட்டு வருடமாகிறது; எங்களுக்குத் திருமணமான இந்த மூன்று வருடத்தில் அந்த ஊரின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டில் ஒர்னெல்லாவின் பங்கு அவர் மகள் டுல்லியாவுக்கு வந்துவிட்டது என்றாலும் மறுபாதி உங்களுடையது. உங்களைக் கேட்காமல் அந்தக் கதவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அட்டிலியோ எழுத மாட்டார், அவர் சுபாவம் உங்களுக்குத் தெரியும். அதனால் நான் கேட்கிறேன்.

டுல்லியா நன்றாக வரைகிறாள். உயரமாகிவிட்டாள். என்னை நிவெஸ் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

மரியாதையுடன்,
நிவெஸ்


பெர்காமோ
டிசம்பர் 3, 1971

திருமதி நிவெஸ் அவர்களுக்கு,

குழந்தைக்காகச் சம்மதிக்கிறேன். சாவி பக்கத்து வீட்டு செலஸ்டினாவிடம் இருக்கிறது. அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள், அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தெற்கிலிருந்து காற்று அடித்தால் புகையெல்லாம் அடுப்படிக்குள்ளேயே திரும்பும். அப்போது பின்கதவைத் திறந்து வையுங்கள்.

மாடியில் கடலைப் பார்த்த அறை என் தங்கையுடையது. அந்த அலமாரியைத் திறக்க வேண்டாம். சொன்னால் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இத்துடன் ஒரு புட்டி சிரப் அனுப்பியிருக்கிறேன். கடையில் விற்பதல்ல, நானே என் மருந்துக்கடையில் கலந்தது. படுக்கும்முன் ஒரு கரண்டி போதும். கசக்கும் என்பாள், கொடுங்கள். அவள் அம்மாவும் அப்படித்தான் முகத்தைச் சுளிப்பாள்.

எர்மீனியா


சான் ப்ரோஸ்பெரோ
டிசம்பர் 21, 1971

எர்மீனியா அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். டுல்லியாவின் இருமல் பாதி குறைந்துவிட்டது. சிரப்பைக் குடிக்கும்போது நீங்கள் சொன்ன அதே சுளிப்பு. அட்டிலியோ பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

செலஸ்டினா சாவியோடு ஒரு தட்டு நிறைய உப்புமீன் பொரியலும் கொண்டுவந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீதான் புதுசா வந்தவளா? ஒல்லிக்குச்சியா இருக்கியே, சாப்பிடு சாப்பிடு" என்றாள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்றேன். "அந்த வீட்ல அடுப்பே இன்னும் பத்த வைக்கலையே, புகையே காணோம்" என்று சிரித்தாள். போகிற போக்கில் ஒன்று சொன்னாள். அது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "பொழுது சாயுறப்போ முன்கதவைத் தாழ் போட்டுடாதம்மா. அவ வர நேரம்."

யார் என்று நான் கேட்கவில்லை.

வயதானவள், எதையோ சொல்லிவிட்டாள் என்று விட்டுவிட்டேன். நேற்று மாலை கீழே சமையல் செய்துகொண்டிருந்தேன். படிக்கட்டில் டுல்லியா சீட்டு விளையாடும் சத்தம் கேட்டது. தனியாகத்தான் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் சத்தம் போட்டாள்: "இது கள்ளாட்டம்! கையில ராணியை மறைச்சு வச்சிருக்கீங்க, நான் பார்த்துட்டேன்!"

போய்ப் பார்த்தேன். டுல்லியா கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு படி மேலே, எதிராளிக்குப் போட்ட சீட்டுகள் விசிறிபோல விரிந்து கிடந்தன. அந்தப் படி நனைந்திருந்தது.

"யாரோடடி விளையாடுறே?"

"அந்த அம்மாவோட. நீ வந்ததும் போயிட்டாங்க." பயமில்லை அவளுக்கு, என் மேல்தான் கோபம். "ரொம்பக் குளிருதுன்னு சொன்னாங்க, நிவெஸ். ஆனா உள்ள வாங்கன்னா வர மாட்டேங்கிறாங்க. வாசலையே பார்த்துக்கிட்டு இருக்காங்க."

படியைத் துடைத்தேன். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுத எனக்கு வேறு யாருமில்லை. அட்டிலியோவிடம் இன்னும் சொல்லவில்லை.

நிவெஸ்


பெர்காமோ
டிசம்பர் 26, 1971
புனித ஸ்தேவான் திருநாள்

நிவெஸ்,

இன்று என்ன நாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எட்டு வருடத்துக்கு முன் இதே நாள் காலையில் அவள் நீந்தப் போனாள். குளிர்காலத்திலும் நீந்துவாள், மீன்பிடிக்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். கடல் தட்டையாக, எண்ணெய் ஊற்றினதுபோல் இருந்தது. பாறைமேல் துண்டு இருந்தது. அவளை மட்டும் கடல் திருப்பித் தரவில்லை.

அவள் சீட்டில் ஏமாற்றுவாள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அட்டிலியோ சொன்னாரா? ராணியைத்தான் மறைப்பாள், வேறெதையும் மறைக்க மாட்டாள். சட்டைக் கைக்குள் செருகிக்கொள்வாள்.

அதன்பிறகு மூன்று கிறிஸ்துமஸ் நான் அந்த வீட்டில் தனியாக இருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கதவைத் தாழ் போடாமல், மேசையில் சூடான சூப்பு வைத்து, ஆறினால் திரும்பச் சூடாக்கி வைத்துக் காத்திருந்தேன். வா, ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று அந்தப் படிக்கட்டைப் பார்த்துக் கெஞ்சினேன். ஒரு பலகைகூட முனகவில்லை. அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவள் நான். எனக்கு வராதவள் உங்களிடம் எதற்கு வருகிறாள்? நீங்கள் அவளுக்கு யார்?

கோபமாக எழுதுகிறேன். இருக்கட்டும். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். ஆனால் நீங்கள் பொய் சொல்லவில்லை.

எர்மீனியா


சான் ப்ரோஸ்பெரோ
டிசம்பர் 29, 1971

அன்புள்ள எர்மீனியா அக்கா,

அக்கா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். கேளுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபின் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

உங்கள் தங்கை எனக்கு வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஈரத்தைத் துடைத்ததோடு சரி.

அட்டிலியோவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. செலஸ்டினா சொல்லியிருப்பாள். அன்றிலிருந்து அவர் சவரம் செய்யவில்லை. மாலையானால் படிக்கட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் இருந்தால் ஒர்னெல்லா வருவதில்லை. ஆகவே டுல்லியாவைப் பிடித்துக்கொண்டார். இன்று வந்தாளா, என்ன உடுத்தியிருந்தாள், என்ன சொன்னாள் என்று துளைத்துத் துளைத்துக் கேட்பார். முதலில் அவள் உற்சாகமாகத்தான் சொன்னாள். பிறகு அவரைக் கண்டாலே ஒளிய ஆரம்பித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை கோயிலுக்குப் போகக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தோம். அவர் டுல்லியாவின் தோளைப் பிடித்தார்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா? சொல்லு."

"இல்லப்பா."

"பொய் சொல்லாத! ஒரு வார்த்தைகூடவா கேக்கல?"

"உங்களைப் பத்தி ஒண்ணுமே கேக்கலப்பா... விடுங்க, வலிக்குது..."

அவர் விடவில்லை, உலுக்கினார். நான் இடையில் புகுந்து அவர் கையைப் பிரித்துவிட்டேன். மூன்று வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று கத்தினேன். "செத்தவ உங்களைக் கேக்கலன்னு உயிரோட இருக்கற பிள்ளையைக் கொல்றீங்களே! நானும் இந்த வீட்லதான் இருக்கேன். என்னை என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "தினமும் போறேன்னு சொல்லிட்டுத்தான் போவா. அன்னைக்கு நான் தூங்கிட்டிருந்தேன். எழுப்பினாளோ என்னவோ. அது தெரிஞ்சா போதும் எனக்கு."

நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. மூன்று பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து கோழிச்சாறு குடித்தோம். பண்டிகை ரொட்டியை வெட்ட மறந்துவிட்டோம். அதன்பிறகு டுல்லியா அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. பயந்து போய்விட்டார்கள் என்கிறாள். ஆனால் படி மட்டும் மாலையானால் நனைகிறது.

அக்கா, ஒர்னெல்லா வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார் என்று டுல்லியா சொன்னாளே, எனக்கு அதுதான் மனதை அரிக்கிறது. அட்டிலியோ உள்ளே இருக்கிறார், பிள்ளை உள்ளே இருக்கிறாள். அப்படியென்றால் வாசல் வழியாக யார் வர வேண்டும்? ஜனவரி ஆறாம் தேதிவரை இங்கே இருப்போம். வாருங்கள். எனக்காக வேண்டாம்.

அன்புடன்,
நிவெஸ்


பெர்காமோ
ஜனவரி 9, 1972

நிவெஸ்,

இந்தக் கடிதம் கிடைத்ததும் கவனமாகப் படி. உன்னை நீ என்று எழுதுகிறேன், இனி மரியாதைக்கு நேரமில்லை.

நான் வந்தேன். ஐந்தாம் தேதி மாலை ரயிலிறங்கிப் படகுத்துறை வழியாக மேலே ஏறி வந்தேன். நன்றாக இருட்டவில்லை. அடுப்படி சன்னலில் விளக்கு எரிந்தது. கதவைத் தட்டுவதற்கு முன்னால் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

அட்டிலியோ மேசையில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். சவரம் செய்திருந்தார். டுல்லியா ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். அவள் முன்னால் ஒருத்தி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கூந்தல் இடுப்புவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. டுல்லியா அதைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள். மூவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உன்னை அங்கே எங்கும் காணவில்லை.

அந்தக் கூந்தலை எனக்குத் தெரியும், நிவெஸ். நான் பின்னிவிட்ட கூந்தல்.

அப்போது அவள் மெதுவாகத் திரும்பினாள். நேராக என்னைப் பார்த்தாள். அதே முகம், ஒரு நாள்கூட வயதாகவில்லை. உதட்டில் விரலை வைத்தாள். அவள் சிறுமியாக இருந்தபோது நான் தாமதமாக வீடு திரும்பினால் அதே சன்னலில் நின்று அப்படித்தான் காட்டுவாள். அப்பா தூங்கிவிட்டார், சத்தமில்லாமல் உள்ளே வா என்று அர்த்தம்.

எட்டு வருடம் அவளுக்காகக் காத்திருந்த நான், அவள் கூப்பிட்டதும் ஓடினேன். படகுத்துறைவரை ஓடினேன். ஒரு காலில் காலணி இல்லை. விடியும்வரை ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை.

ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. அவள் தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டாள். அட்டிலியோவும் பிள்ளையும் அதில் சந்தோஷமாக இருக்கிறார்கள். என் தங்கைமேல் எனக்கு உயிர். இருந்தாலும் சொல்கிறேன், அந்த வீட்டுக்கு இனிமேல் போகாதே. அவர்களையும் போக விடாதே. நீ நன்றாக இருக்கிறாய் என்று இரண்டு வரி எழுது. தூக்கமில்லை எனக்கு.

எர்மீனியா


டூரின்
ஜனவரி 13, 1972

என் அன்புள்ள அக்கா,

நன்றாக இருக்கிறேன். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாகப் படியுங்கள்.

நீங்கள் பார்த்தது என்னைத்தான். அன்று மதியம் நானும் டுல்லியாவும் பாறைகளில் சிப்பி பொறுக்கப் போனோம். ஓர் அலை வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை நனைத்துவிட்டது. உப்பு போகத் தலைக்குக் குளித்துவிட்டு அடுப்பருகே உட்கார்ந்தேன். என் கூந்தலும் நீளம், அக்கா. டுல்லியா துண்டை எடுத்துக்கொண்டு வந்து, "நான் துவட்டி விடுறேன், குனி" என்றாள். இந்த மூன்று வருடத்தில் அவள் தானாக வந்து என்னைத் தொட்டது அன்றுதான். அட்டிலியோ அதைப் பார்த்துவிட்டுக் கொட்டைக்குப் பதில் விரலை நசுக்கிக்கொண்டார். அதற்குத்தான் சிரித்தோம். நீங்கள் கண்டது எங்கள் வீட்டில் நாங்கள் முதல்முதலாகச் சேர்ந்து சிரித்த சிரிப்பு.

அட்டிலியோவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு, "அவ கூப்பிட்டது எர்மீனியாவைத்தானா" என்றார். அதில் கோபமில்லை. அன்று இரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அங்கேதான் போகிறோம். நீங்களும் வர வேண்டும். ஓட நினைத்தால் ஓடுங்கள், ஆனால் முதலில் கதவைத் தட்டிவிட்டு ஓடுங்கள். டுல்லியாவுக்கு ஒரு பெரியம்மா இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சிரப்பு செய்கிறவளா என்று கேட்டாள்.

இன்னொன்றை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் நீங்கள் பார்த்ததை உங்களிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டதாகிவிடும்.

அன்று மாலை நான் சன்னல் பக்கம் திரும்பவில்லை, அக்கா. ஒருமுறைகூட இல்லை. கூந்தல் காயும்வரை தலையை ஆட்டக் கூடாது என்று டுல்லியா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

உங்கள்
நிவெஸ்