கொக்குத் தளபதியின் துவக்கு

கல்லடி,
18.09.1999

அன்புள்ள மகன் நேசராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாமாங்கப் பிள்ளையாரின் புண்ணியத்தில் இங்கே இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து மழைக்குப் பின்னால் போகிறது, அந்தக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். உறையில் குவைத் முத்திரையைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போகவில்லை. ஏறாவூர் உசனாரின் மருமகன் மஜீட் விடுமுறை முடிந்து அங்கே திரும்பிப் போகிறான், போனதும் தபாலில் போடச் சொல்லி அவன் கையில் கொடுத்திருக்கிறேன். இந்தச் சுற்று ஏன் என்றால், இந்தக் கடிதத்தில் தளபதி, துவக்கு, ஆமிக்காரன் என்ற சொற்கள் அடிக்கடி வரும். நம் தபாலில் போட்டால் உனக்கு முன்னால் வேறு யாராவது படித்துவிட்டு விளக்கம் கேட்க வீட்டுக்கு வருவார்கள். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்த எனக்கு விளங்கப்படுத்தப் பொறுமை உண்டு, அப்பாவின் நெஞ்சுக்குத்தான் அது ஆகாது.

உன் கொக்கு புறப்பட்டுவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பக்கங்களைத் தாண்டித் தாண்டிப் படிப்பாய், சின்ன வயதிலும் கணக்கின் விடையைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பார்க்கிற பழக்கம் உனக்கு இருந்தது. மற்றதை ஆறுதலாகப் படி. நீ சூரிச்சுக்குப் போன பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் தந்தி மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு ஒன்று, "நலம். வேலை இருக்கிறது. குளிர்." அவ்வளவுதான். அப்பா அதைத் திருப்பிப் பார்ப்பார், பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. பிறகு திடீரென்று ஒரு தடித்த உறை வந்தது. ஏதோ ஒரு வீடியோ கேமாம், அதில் ஒரு தீவுக்காக மிருகங்கள் எல்லாம் சண்டை பிடிக்கின்றனவாம், அந்த மிருகப் படையைப் பெருவிரல் அளவு பிளாஸ்டிக் பொம்மைகளாகச் செய்திருக்கிறார்களாம், ரெஸ்டோரண்டில் உன்னோடு கோப்பை கழுவும் போர்த்துக்கல்காரன் மனுவேலும் நீயும் அவற்றைச் சேர்க்கிறீர்களாம். நம் ஊரில் கோட்டை கட்ட வந்தவர்களின் ஆட்களோடு நீ அங்கே முயலுக்கு நரி மாற்றுகிறாய் என்று படித்துவிட்டு நான் தனியே இருந்து சிரித்தேன். முப்பது வயதில் பொம்மையா என்று அப்பா கேட்டார். பொம்மையோ பொரிவிளாங்காயோ, பிள்ளை நாலு பக்கம் எழுதியிருக்கிறான், பேசாமல் இருங்கள் என்றேன். உன் படையில் ஒன்று மட்டும் இல்லை, கொக்குத் தளபதி, அது அரபு நாட்டுப் பால்மாத் தகரப் பேணிக்குள் மட்டும்தான் வந்தது, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் நடக்கும் கண்காட்சியில் முழுப் படையையும் வைக்கிறேன் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், என்ட அம்மா எப்படியும் கண்டுபிடிப்பா என்றும் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு பாடும்.

தேடுவது பெரிய வேலையாக இருக்கவில்லை. கொக்கு வந்தது அரபு நாட்டுப் பால்மாவில், அரபு நாட்டில் பிள்ளை இல்லாத வீடு ஏறாவூரில் குறைவு, எனவே கொக்கு ஏறாவூரில் இருக்க வேண்டும். சைக்கிளில் சாரம், சேலை விற்க வரும் உசனாரிடம் கேட்டேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடி யோசித்துவிட்டு, "எங்கட ஊட்ட ரீவிக்கு மேல நீட்டு மூக்கோட ஒரு சாமான் நிக்குது டீச்சர், அது கொக்கா காகமா எண்டு நான் பாக்கல்ல" என்றார். அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டேன். நின்றது கொக்கேதான், ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி, இடுப்பில் பட்டி, சிறகில் தன் உயரத்தை விட நீளமாக ஒரு துவக்கு. நம் வாவியில் நிற்கும் கொக்குகள் துவக்கு இல்லாமலே நன்றாக மீன் பிடிக்கின்றன, அது வேறு கதை. உசனாரின் மனைவி றபீக்கா தேத்தண்ணி தந்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. குவைத்தில் இருக்கும் மகள் ஸகியா பேணியோடு அனுப்பிய கொக்கு அது. "என்ன டீச்சர், என்ட புள்ள அங்க ஊட்டு வேல செஞ்சு முறியிறா, உங்கட மகன் அங்க இருந்து கொக்குத் தேடுறாரா? கலியாணம் முடிச்சு வெச்சிருந்தா இந்த வருத்தம் வந்திருக்குமா?" என்றா. சரியான கேள்விதான். "என்ட புள்ள தொட்ட சாமானெண்டு வெச்சிருக்கன்" என்று சொல்லித் துணியால் கொக்கைத் துடைத்துத் திரும்பவும் ரீவிக்கு மேலேயே வைத்தா. நான் வற்புறுத்தவில்லை. உன் தந்திக் கடிதங்களைப் பற்றியும் அந்தத் தடித்த உறையைப் பற்றியும் மட்டும் சொன்னேன். ரீவிக்கு மேலிருந்து கொக்கை எடுத்து, "பேசாத புள்ளயப் பேச வெச்ச கொக்கெண்டா கொண்டு போங்க" என்று கையில் வைத்தா. ஒரு நிபந்தனை உண்டு. படை முழுவதையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து ஸகியாவுக்கு அனுப்ப வேண்டும், தன் கொக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று அந்தப் பிள்ளையும் பார்க்கட்டும்.

அதன் பிறகு நடந்ததற்கு முழுக் காரணம் நீதான். ஞாயிற்றுக்கிழமை வல்லிபுரத்தாரின் தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுத்துத் தளபதி கிடைத்துவிட்டாரா என்று கேட்டாய். லைன் இரைந்தது, உனக்குக் கேட்க வேண்டுமே என்று நானும் வகுப்பறைக் குரலில், "தளபதி நம்மட வீட்டதான் மனே இருக்கார், அலுமாரிக்குள்ள வெச்சிருக்கன், துவக்கும் இருக்கு!" என்று கத்தினேன். நீ அந்தப் பக்கம் சந்தோசத்தில் சிரித்தாய். இந்தப் பக்கம் கடைக் கதிரையில் காத்திருந்தவர் எழும்பித் தன் அழைப்பை எடுக்காமலே போய்விட்டார். வல்லிபுரத்தார் கண்ணாடியைக் கழற்றி, "டீச்சர், காசு பிறகு தாங்க, இப்ப வீட்ட போங்க" என்றார். நான் அவருக்கு உட்கார்ந்து விளக்கப் பார்த்தேன், கொக்கு, பால்மாப் பேணி, சுவிஸ் கண்காட்சி என்று விளக்க விளக்க அவர் முகம் இன்னும் வெளிறியது. இதைக் கேட்டதும் அப்பா வெற்றிலை வட்டாவிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு அலுமாரிப் பக்கம் போனார். அந்தத் தடித்த உறைக்குள் நீ வைத்து அனுப்பிய முயலுக்கு என்ன நடந்தது என்று உனக்கு நான் எழுதவில்லை. அதன் கைத்துப்பாக்கியை அவர் அன்றைக்கே பாக்குவெட்டியால் நறுக்கிவிட்டார், முயல் இப்போது ரேடியோவுக்கு மேலே வெறுங்கையை நீட்டிக்கொண்டு பஸ் மறிப்பது போல நிற்கிறது. துவக்கில்லாத கொக்கைக் கண்காட்சி மேசையில் ஏற்ற மாட்டார்கள் என்றேன். அதற்கு அவர், "துவக்கு சின்னனெண்டா என்ன, பெரிசெண்டா என்ன, சோதிச்சு எழுதுற ஆமிக்காரன் கொப்பியில துவக்கெண்டுதான் எழுதுவான்" என்றார். அதுவும் பிழையில்லை மகன், நீ அங்கே இருந்து சிரிக்காதே, அவர் பயப்படுவதற்குக் காரணங்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. ஆனால் நீ மறுபடியும் "நலம். வேலை. குளிர்." என்று எழுதத் தொடங்கினால் என்ன செய்வது என்பது என் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு வழி பார்த்தேன். துவக்கு சிறகில் செருகியிருக்கும் தனித் துண்டுதான், மெல்ல இழுத்தால் கழன்று வந்துவிடும். கொக்கைப் பொதியில் வைத்தேன், துவக்கை என் கொண்டைக்குள் செருகினேன். படிப்பித்த காலத்தில் சுண்ணக்கட்டியே வைத்த கொண்டைதான், புதுப் பழக்கமில்லை.

பெரிய தபாற்கந்தோர் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். சோதனைச் சாவடியில் பெண் பொலிஸ் திரைக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள், கொண்டையைப் பார்க்கவில்லை. பொதியைப் பிரித்தவன் ஒரு பொடியன், மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. கொக்கைக் கண்டதும் அவன் முகம் அப்படியே மாறிவிட்டது, மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான், குருநாகலில் இருக்கும் தம்பி இந்த விளையாட்டில்தான் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறானாம். பிறகு கொக்கைத் திருப்பிப் பார்த்து, கொக்கைக் கொக்கா என்கிற தன் சிங்களத் தமிழில், "அம்மா, கொக்கா நல்லம். துவக்கு எங்க?" என்று கேட்டான். நேசன், இந்தப் பாலத்தில் இத்தனை வருடமாக எத்தனையோ பேரிடம் கேட்கப்பட்ட கேள்விதான், ஆனால் இல்லை என்று சொல்ல ஒருவருக்கு வெட்கம் வந்தது அன்றைக்குத்தான். கொண்டையிலிருந்து துவக்கை உருவிக் காட்டுவதும் புத்தியில்லை. அப்போது என் வாயில் தானாக வந்தது, வீட்டு வேலைக் கொப்பி எங்கே என்று கேட்டால் என் பிள்ளைகள் சொல்லும் மறுமொழி. "வீட்ட வெச்சிட்டு வந்திட்டன் தம்பி" என்றேன். அவன் நான் அவர்களுக்குச் சொல்வது போலவே எனக்குச் சொன்னான், "துவக்கு இல்லாம கொக்கா போக ஏலாது. வீட்ட போ, துவக்கு எடுத்துக்கொண்டு வா." திரும்பி நடந்து வந்தேன், கொண்டைக்குள் துவக்கோடு, துவக்கு எடுத்து வர. வீட்டில் அப்பாவிடம் ஆமி நம்மைத் துவக்கோடு வரச் சொல்கிறது என்றதும் அவர் கதிரையைத் தேடினார், தண்ணீர் கொடுத்த பிறகுதான் மீதியைச் சொல்ல முடிந்தது, அதைச் சற்று முன்பின்னாகச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த நாள் காலை கொக்கை முழு ஆயுதத்தோடு கொண்டு போனேன். பொடியன் காத்துக்கொண்டு நின்றது மாதிரி இருந்தது. பார்த்ததும் தலையை ஆட்டினான், நான் துவக்கைப் பிழையான சிறகில் மாட்டிவிட்டேனாம், கழற்றி மற்றச் சிறகில் செருகி, "இப்ப சரி" என்று சொல்லிக் கொக்குக்கு ஒரு சலூட்டும் அடித்தான். தபாற்கந்தோரில் முகப்பில் இருந்த பிள்ளை, விளையாட்டுத் துவக்கும் பொதியில் போக முடியாது டீச்சர் என்று சட்டத்தைச் சொன்னாள், கொக்கை மட்டும் ஏற்றுக்கொண்டாள். துவக்கு திரும்பவும் கொண்டைக்குள். வரும் வழியில் அவன், "கொக்கா போச்சா?" என்று கேட்டான். ஓரமாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன், இன்றைக்கும் கொண்டைக்குள், நேற்றும் கொண்டைக்குள்தான் என்று. அவன் சிரித்த சிரிப்பில் தோளில் கிடந்த நிஜத் துவக்கு நழுவி, அதைப் பிடித்துச் சரி செய்ய வேண்டியதாயிற்று, மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, வகுப்பில் வெளியே போகக் கேட்கும் பிள்ளை மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "தம்பிக்கு எல்லாம் இருக்கு, ஆமை மட்டும் இல்ல. அம்மாட மகன் கிட்ட ரெண்டு இருக்குமா?" என்று கேட்டான். உன்னிடம் ஆமைச் சமையற்காரன் இரண்டு இருப்பதாக எழுதியிருந்தாயே, ஓம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதுதான், கோபிக்காதே. பெயரும் சொன்னான், அதை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை தொடக்கம் அவன் பாலத்தில் இல்லை. ஆட்கள் முழுக்க மாறிவிட்டார்கள், புதியவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பையை மட்டும் பார்க்கிறார்கள். எங்கே அனுப்பினார்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை, கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று ஒரு கேள்வி வரும். வேடிக்கை என்னவென்றால் பாக்குவெட்டியோடு நின்ற மனிதர், நான் டவுணுக்குப் போய் வரும்போதெல்லாம் படலையைத் திறக்கும் முன்னே கேட்கிறார், "அந்தப் பொடியன் நிண்டவனா?" என்று. இல்லை என்றால் முயலை எடுத்துத் துடைத்துவிட்டு வைக்கிறார். ஆகவே ஆமையை அனுப்பிவிடு மகன், காத்திருக்காதே. ஆமையிடம் அகப்பை மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய், அப்பாவுக்கும் ஆட்சேபணை இல்லை. அது என் கைப்பையில் கிடக்கட்டும், பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கொண்டு போகிறேன், ஒரு நாளைக்கு அவன் நிற்பான்.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு போ. கோப்பை கழுவிய கையோடு குளிருக்குள் இறங்காதே, கொஞ்சம் எண்ணெய் பூசு. மனுவேலையும் கேட்டதாகச் சொல். ஸகியாவுக்குப் படம் அனுப்ப மறக்காதே, றபீக்காவிடம் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், முடிந்தால் அவவுக்கு ஒரு பெட்டி சொக்லட்டும். கடிதம் தடிப்பாகவே வரட்டும், பொம்மையைப் பற்றியே எழுதினாலும் சரி, அப்பா இப்போது எந்தச் சிறகில் எது என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். பிள்ளையார் உனக்குத் துணையாக இருந்து, நீ நினைத்தது எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
மங்கையற்கரசி கோணாமலை

இதற்குக் கீழே செலோடேப்பால் ஒட்டியிருப்பதுதான் துவக்கு, உரிக்கும்போது முறித்துவிடாதே. வலது சிறகில் மாட்டு, இடதில் இல்லை. நான் பிழையாக மாட்டியதைத் திருத்திக் காட்டித் தந்தவன் அவன்தான்.