நிறுத்திவிட்ட மாத்திரை

போன செவ்வாய்க்கிழமை காலை அப்பா ஹாரன் அடிக்காமல் போனார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். இட்லிப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்து முனை திரும்பியதும் அந்த ரப்பர் ஹாரனை இரண்டு தடவை அமுக்குவார். நான் மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டே காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது இட்லி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. "மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் உக்காந்துட்டேன்" என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

எனக்கு உன் ஞாபகம் வந்தது அம்மா. அன்பாக வரவில்லை. ஆத்திரமாகத்தான் வந்தது.

நீயும் இப்படித்தான் தொடங்கினாய். முதலில் மாவுக்கு உப்புப் போட மறந்தாய். பிறகு ஊறப்போட மறந்தாய். பிறகு எழவே இல்லை. தலையில் சிக்கு விழ, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். "ஒரு வாரம் லீவு போடுளா, அவ எந்திரிக்க வரைக்கும்" என்றார் அப்பா. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

தண்ணீர்க் குழாயில் எதிர்வீட்டுக்காரி கேட்பாள்: "என்னளா, ஒங்க மகாராணி எந்திரிச்சாச்சா? இல்ல, காப்பி படுக்கைக்கே போவுதா?" எல்லோரும் சிரிப்பார்கள். கூட்டத்தில் எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். அந்தக் கோபத்தை வீட்டுக்கு வந்து உன்னிடம் காட்டுவேன். ஒருநாள் நீ சொன்னாய்: "இட்லித் துணிய நனச்சு நனச்சு நெஞ்சு மேல போட்ட மாதிரி இருக்குளா. எடுக்க முடியல." நான் சொன்னேன்: "நாங்கல்லாம் வேல பாக்கலயா? நீ நல்லா படுத்துக் கெட." ஒரு அறை விட்டிருக்கலாம் நீ. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னை நான்தான் கூட்டிப்போனேன். அப்பாவுக்கு வியாபாரம் இருந்தது. அந்த டாக்டரம்மாவிடம் ஏன் இப்படி ஆனாள் என்று கேட்டேன். வயிற்றிலேயே போன தம்பியாலா? பம்பாயிலிருந்து ரயில் பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் தாத்தாவை எடுத்துவிட்டார்களே, அதனாலா? வருஷக்கணக்காகச் சரியாகத் தூங்காததாலா? "ஏக் வஜா நஹி ஹோத்தி" என்றார். ஒரே காரணம் என்று இருக்காதாம். எல்லாம் மேலே மேலே சேருமாம். சிலருக்கு உடம்பே அதற்கு இடம் கொடுத்துவிடுமாம். சோம்பல் இல்லை, நோய் என்றார். மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும், குணமானாலும் தான் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

நாலு வாரத்தில் நீ எழுந்தாய். தலை சீவினாய். சட்னிக்குத் தாளித்தாய். அது ஆடி மாதம். குர்லாவிலிருந்து அத்தை வந்தாள். முந்திய வாரம்தான் உனக்காக அம்மன் கோயிலில் நேர்ந்திருந்தாள். "பாத்தியாளா, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றாள். மாத்திரை செய்த வேலைக்கு அம்மனுக்குப் பெயர் போனது. நேர்த்திக்கு நீ காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் கயிறு கையில் ஏறினால், எட்டாம் நாள் அவிழ்க்கும் வரை எல்லை தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு மறுபடி வரச்சொன்ன தேதி அந்த எட்டு நாளுக்குள் விழுந்தது.

"காப்புக் கட்டுன கையால அந்த மாத்திரையத் திம்பாளா? சாமிக் குத்தம்லா" என்றாள் அத்தை.

"கொணமான பொறவு எதுக்கு அது?" என்றார் அப்பா.

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாங்க" என்றேன் நான். ஒரே ஒரு தடவை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. அவர்களுக்குக் கேட்கவில்லை. உனக்குக் கேட்டது. என்னைப் பார்த்து, "நல்லாத்தான இருக்கேன், விடுளா" என்று சொல்லிவிட்டுக் கயிற்றுக்குக் கையை நீட்டினாய். அதை நான் மன்னிக்கவில்லை.

காப்பு அவிழ்த்த மூன்றாம் வாரம் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அடுத்த வாரம் பார்ப்போம் என்றார் அப்பா. அதற்குள் நீ உன் உயிரை முடித்துக்கொண்டாய். அதே எதிர்வீட்டுக்காரி வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு வார்த்த சொல்லிருந்தா நாங்க பாத்துருக்க மாட்டோமா" என்றாள். இரண்டு வருஷமாகிறது. அவளுக்கு நான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நோய்தான் உன்னைக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும். ஆனால் நோயைப் பிடித்து உலுக்க முடியவில்லை. அதனால் உன்னை வெறுக்கிறேன், அப்பாவை வெறுக்கிறேன், அடுப்பைப் பார்த்துப் பேசிய என்னையும்.

இப்போது அப்பா. புதன்கிழமை அவர் சவரம் செய்யவில்லை, வியாபாரத்துக்கும் போகவில்லை. போனில் அத்தை, "கண்ணு பட்டுருக்கும், வெள்ளிக்கிழம வந்து கயிறு கட்டுதேன்" என்றாள். கிடக்கட்டும் என்று நினைத்தேன். உன்னை அப்படித்தானே கிடக்க விட்டார். அன்று முழுக்க அந்த நினைப்பை விடாமல் வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அது எனக்குச் சுகமாகவே இருந்தது.

வியாழக்கிழமை காலை தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "எதுக்கு இருக்கணும்னு இருக்குளா" என்றார்.

அத்தைக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றேன். "எவ்வளவு வாயி ஒனக்கு" என்றாள். ஆமா என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

டாக்டர் என்ன கஷ்டம் என்று கேட்டார். "குச் நஹி மேடம், கேஸ் ஹை" என்று அப்பா வயிற்றைத் தடவிக் காட்டினார். ஒன்றுமில்லையாம், வெறும் வாயுவாம்.

"ஜூட் போல்தே ஹை" என்றேன், பொய் சொல்கிறார் என்று. வெளியே வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உன்னிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.